சூடானால் ஸ்ராட் வராத எம்.டி 90: ரப்பெற் இடைவெளி பார்த்தலும் பிழை பிடித்தலும்

பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள்களான எம்.டி 90, சி 90 இரண்டிலும் ரப்பெற் இடைவெளி, அதாவது வால்வுத் தண்டின் தலைக்கும் அதை அமத்தித் திறக்கும் றொக்கரின் ஆணி நுனிக்கும் இடையில் விடும் இடம், ஒன்றுதான். பெற்றோல் கலந்த காற்றை உள்ளே விடும் இன்லெற் வால்வுக்கும் 0.05 மி.மீ., புகையை வெளியே விடும் எக்ஸோஸ்ற் வால்வுக்கும் 0.05 மி.மீ. இஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது அளந்த கணக்கு இது. மெல்லிய தலைமயிர் ஒன்றின் தடிப்புத்தான். இந்தச் சின்ன இடைவெளி பிழைத்தால் வரும் கோளாறுகளில் பாதியை காபரேற்றரின் தலையிலும், மீதியைப் பெற்றோலின் தலையிலும் போட்டுவிடுவது வழக்கம்.

வன்னியில் ரப்பெற் என்றதும் வாயில் வருவது ஒரே வசனம்: "ரப்பெற் அடிக்குது, கொஞ்சம் இறுக்கி விடுங்கோ." இறுக்கியதும் சத்தம் நின்றுவிடும், வண்டிக்காரருக்கும் சந்தோசம். ஆனால் சத்தம் போடும் ரப்பெற் கொஞ்சம் பெற்றோலையும் கொஞ்சம் இழுவையையும்தான் தின்னும். சத்தமே போடாத ரப்பெற் வால்வைத் தின்னும். அடிக்கிற சத்தத்தை வைத்து ரப்பெற் வைக்கக்கூடாது, பீலர் கேஜை (மெல்லிய உருக்கு இலைகளால் இடைவெளி அளக்கும் கருவியை) வைத்துத்தான் வைக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

இங்கே சொல்லப்படுவது எம்.டி 90, சி 90 ஆகிய படுத்த சிலிண்டர் இஞ்சின்களுக்கு. இந்திய வண்டிகளில் வேலை இதே மாதிரித்தான், அளவுதான் வேறு. சிலவற்றில் இன்லெற்றுக்கு ஒன்றும் எக்ஸோஸ்ற்றுக்கு வேறொன்றுமாக இருக்கும். வண்டியோடு வந்த கைந்நூலில் உள்ள அளவைத்தான் எடுக்க வேண்டும். பக்கத்து வண்டியின் அளவை அல்ல.

"காலமை ஒரே உதையிலை பிடிக்குது, சூடேறினால் பிடிக்குதே இல்லை"

ரப்பெற் இறுகியிருப்பதன் முதல் அடையாளம் இது. காலையில் சோக் இழுத்து ஒரு உதை, ஸ்ராட். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஓடிப் போய் ஒரு கடையடியில் நிற்பாட்டி, ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து உதைத்தால் வராது. அரை மணித்தியாலம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் திரும்பவும் ஸ்ராட் வரும்.

எக்ஸோஸ்ற் வால்வுதான் இஞ்சினுக்குள் அதிகம் சூடேறும் உறுப்பு. சூட்டில் அதன் தண்டு நீளும். குளிரில் இடைவெளி மிஞ்சியிருந்தால் அந்த நீட்சிக்கு இடம் உண்டு. இல்லையென்றால் நீண்ட தண்டு றொக்கரில் முட்டி, வால்வு சீற்றில் (அது பொருந்தி மூடும் வளையத்தில்) முழுதாக உட்காராமல் ஒரு கீற்று திறந்தபடியே நிற்கும். கொம்பிறசன், அதாவது பிஸ்ரன் அமுக்கிய வாயுவின் அழுத்தம், அந்தக் கீற்றால் போய்விடும். அதைவிட மோசமான ஒன்றும் சேர்ந்து நடக்கும். வால்வு தன் சூட்டில் பெரும்பங்கை இறக்குவது சீற்றில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான். உட்கார விடாவிட்டால் சூடு இறங்காது. நெருப்பும் அந்தக் கீற்றாலேயே சீறிக்கொண்டு போகும். கொஞ்ச நாளில் வால்வின் விளிம்பில் எலி கடித்ததுபோல் ஒரு பள்ளம் விழும். அதற்குப் பிறகு ரப்பெற் வைத்துப் பயன் இல்லை, சிலிண்டர் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

ரப்பெற்றில் கை வைக்க முன், கரண்டுப் பிழை இல்லை என்று உறுதி செய்யுங்கள். கொயில் பழுதானாலும் சூட்டில் இதே கதைதான். வண்டி ஸ்ராட் வராமல் நிற்கும் அந்த நேரத்திலேயே பிளக்கைக் கழற்றி, தொப்பியோடு ஹெட்டில் சாத்தி வைத்து உதையுங்கள். நீலப் பொறி பளிச்சென்று வந்தால் கரண்டு சரி. பிளக் துளையருகே பெற்றோல் ஆவி நிற்கும், ஆகவே பொறி பார்க்கும் பிளக்கைத் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். பிறகு பிளக்கைப் பூட்டிக் கிக்கரைக் கையால் அமத்திப் பாருங்கள். குளிரில் ஒரு இடத்தில் இறுகி எதிர்க்கும் கிக்கர், சூட்டில் எதிர்ப்பே இல்லாமல் சொதசொதவென்று இறங்கினால் குற்றவாளி வால்வுப் பக்கம்தான்.

அளக்கிற வேலை

நேரம் முக்கியம். இஞ்சின் 35 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். வன்னியில் சித்திரை, வைகாசி வெயிலில் முற்றத்தில் நின்ற வண்டியின் ஹெட், ஓடாமலே அதைத் தாண்டிவிடும். ஆகவே இரவு முழுக்க நின்ற வண்டியை விடிய, வெயில் ஏற முன் பாருங்கள். "நேற்றுப் பின்னேரம் ஓடினது, இப்ப மத்தியானம், ஆறியிருக்கும்" என்ற கணக்கு இங்கே சரிவராது.

தேவையானவை: 0.05 மற்றும் 0.08 அல்லது 0.10 இலைகள் உள்ள பீலர் கேஜ், ரப்பெற் மூடிக்கு 17 மி.மீ. சாவி, பூட்டு நட்டுக்கு 9 மி.மீ. வளையச் சாவி, ரப்பெற் ஆணியின் சதுரத் தலைக்கு 3 மி.மீ. அளவு ரப்பெற் சாவி, பிளக்குக்குப் பொருந்தும் சாவி, மண்ணெண்ணெய், தூரிகை, பழந்துணி, ஒரு தகர மூடி. சதுரத் தலையை இடுக்கியால் பிடித்துத் திருப்பினால் இரண்டாம் முறையே மூலைகள் மழுங்கிவிடும்.

முதலில் கழுவுதல். கிரவல் வீதியில் ஓடும் வண்டியின் ஹெட்டில் செம்மண் தூசி ஒயிலோடு குழைந்து பாளமாக இருக்கும். மூடியைத் திறக்கும்போது அது உள்ளே விழுந்தால் றொக்கர்களைத் தள்ளும் காம் சாப்ற்றுக்கு அரைக்கும் பசைதான். மண்ணெண்ணெய்யில் தோய்த்த தூரிகையால் இரண்டு மூடிகளையும் சுற்றிவரத் தேய்த்துத் துடையுங்கள். இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம்.

சிலிண்டர் முன்பக்கம் படுத்திருப்பதால் மேல் மூடி இன்லெற், கீழ் மூடி எக்ஸோஸ்ற். கீழ் மூடியைத் திறக்கும்போது கொஞ்சம் ஒயில் வழியும், தகர மூடியைக் கீழே பிடியுங்கள். சைலன்சர் குழாயில் விழுந்தால் ஸ்ராட் பண்ணியதும் புகைக்கும், வண்டிக்காரர் பயந்துபோவார். பிளக்கையும் கழற்றுங்கள், இஞ்சின் கையால் இலேசாகச் சுற்றும். பிறகு கியர் பெடலையும் இடப்பக்கக் கவரையும் கழற்றினால் பிளைவீல் தெரியும்.

பிளைவீலை இடப்பக்கமிருந்து பார்க்க, மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். அதில் 'டி' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு கோடும் இருக்கும். பக்கத்திலேயே 'எஃப்' என்று இன்னொரு கோடு. அது பற்றவைக்கும் நேரத்துக்கு உரியது, அதில் நிற்பாட்டக்கூடாது. 'டி' கோடு இஞ்சின் உடலில் உள்ள குறிக்கு நேரே வந்தால் பிஸ்ரன் உச்சியில் நிற்கிறது.

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குவது. 'டி' குறி இரண்டு சுற்றில் இரண்டு தரம் வரும். ஒன்றில் பிஸ்ரன் கொம்பிறசன் முடிவில் நிற்கும், இரண்டு வால்வும் மூடியிருக்கும். மற்றதில் புகை தள்ளி முடியும் இடம், இரண்டு வால்வும் கொஞ்சம் கொஞ்சம் திறந்திருக்கும். இந்த இரண்டாவது இடத்தில் நின்று ரப்பெற் வைத்தால் ஆணி கண்டபடி பின்னால் போய், ஸ்ராட் பண்ணியதும் தகரப் பேணிக்குள் கல்லுப் போட்டுக் குலுக்கியதுபோல் அடிக்கும்.

"றொக்கரை ஆட்டிப் பார், ஆடினால் சரியான டி" என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். ரப்பெற் இறுகிப்போன இஞ்சினில் இந்தச் சோதனை ஏமாற்றும். சரியான 'டி'யில் நின்றாலும் எக்ஸோஸ்ற் றொக்கர் ஆடாது, ஏனென்றால் அங்கே இடைவெளியே இல்லை. உடனே "இது பிழையான டி" என்று இன்னொரு சுற்று விட்டுவிடுவார்கள். நம்பக்கூடிய வழி வேறு. பிளைவீலைச் சுற்றிக்கொண்டே மேல் மூடித் துளையால் இன்லெற் றொக்கரைப் பாருங்கள். அது வால்வை அமத்தி, பிறகு மேலே திரும்பி வரும். திரும்பி வந்த பிறகு முதலில் வரும் 'டி'தான் கொம்பிறசன் 'டி'. சந்தேகம் இருந்தால் பிளக் துளையில் பெருவிரலை வையுங்கள். அந்தச் சுற்றில் காற்று விரலைத் தள்ளும்.

இனி அளவு. ரப்பெற் ஆணியின் நுனிக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் இடையில் 0.05 இலையை விடுங்கள். துளை ஒடுங்கியது, ஆகவே இலையின் முன் ஒரு சென்றிமீற்றரைச் சற்று வளைத்துக்கொண்டால் நேரே போகும். மடங்கிச் சுருங்கிய இலை அளவு காட்டாது, 0.05 இலை தாள்போல் மெல்லியது, ஒரு தரம் கசங்கினால் வேறு இலைதான். சரியான இடைவெளியில், மேலே கொப்பி ஒன்றை வைத்துவிட்டு அடியில் இருக்கும் தாளை இழுக்கிற அளவு பிடிப்பு கையில் தெரியும். பிடிப்பே இல்லாமல் வழுக்கினால் இடைவெளி அதிகம். தள்ளும்போது இலை வளைந்தால் இடைவெளி குறைவு. பிறகு 0.08 இலையை விட்டுப் பாருங்கள், அது நுழையக்கூடாது. 0.05 போகும், 0.08 போகாது என்றால் உங்கள் கைக்கு எவ்வளவு அனுபவம் என்பது பற்றிக் கவலையில்லை, ரப்பெற் சரி.

பீலர் கேஜ் இல்லாத இடங்களில் சவர பிளேட் வைத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. சவர பிளேட்டின் தடிப்பு 0.1 மி.மீ., அதாவது தேவையானதன் இரண்டு மடங்கு. சத்தம் கொஞ்சம் வரும், இழுவை கொஞ்சம் குறையும், ஆனால் வால்வு எரியாது. வழியில் நின்றுபோன வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர அது போதும். கொப்பித் தாளும் ஏறத்தாழ அந்தத் தடிப்புத்தான், ஆனால் ஒயிலில் ஊறி நசியும், நம்பக்கூடாது.

திருத்துவதற்கு: 9 மி.மீ. நட்டை அரைச் சுற்று இளக்குங்கள், முழுக்கக் கழற்ற வேண்டாம். கழன்ற நட் இன்லெற் பக்கம் உள்ளே விழுந்தால் அதை எடுப்பது தனி வேலை. இலையை இடையில் விட்டு, ஆணியை மெல்லத் திருப்புங்கள். கால் சுற்றிலேயே இடைவெளி 0.1ஐத் தாண்டிவிடும் என்பதால் இங்கே திருப்புவது மயிரளவுதான். பிடிப்பு வந்ததும் ஆணி அசையாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் நட்டை இறுக்குங்கள். சாவியை வாலில் பிடித்துத் தொங்க வேண்டாம், நடுவில் பிடித்து உள்ளங்கை வலுவில் இறுக்கினால் போதும்.

இறுக்கியபின் திரும்ப அளக்க வேண்டும். நட் இறுகும்போது ஆணியை இழையோடு சேர்த்துக் கொஞ்சம் இழுக்கும். அளவு பெரும்பாலும் மாறும். முதல் தரமே சரியாக வருவது அபூர்வம், மூன்றாம் நாலாம் தரம் வரை போவது சாதாரணம். பிறகு பிளைவீலை இரண்டு முழுச் சுற்று விட்டு, கொம்பிறசன் 'டி'க்கு வந்து இன்னொரு தரம் பாருங்கள்.

0.05ஐ விடக் கொஞ்சம் கூடவா குறையவா என்று கை தடுமாறினால் எக்ஸோஸ்ற்றைக் கூடின பக்கம் விடுங்கள். 0.07 ஓடும். 0.03 நல்லதல்ல.

ஹொண்டா சிடி 200 மாதிரி இரட்டைச் சிலிண்டர் வண்டியில் இரண்டு பிஸ்ரனும் ஒன்றாகவே மேலே வரும், ஆனால் ஒன்றுதான் கொம்பிறசனில் நிற்கும். அதன் இரண்டு வால்வையும் வைத்துவிட்டு ஒரு முழுச் சுற்று விட்டு மற்றதை வையுங்கள்.

"டிக் டிக் எண்டு அடிக்குது"

கைக்கு நீளமான மரப்பிடி ஸ்குறூட்ரைவர் ஒன்றை எடுத்து, நுனியை ரப்பெற் மூடியில் வைத்து, பிடியைக் காதில் அண்டக் கொடுங்கள். ரப்பெற் சத்தம் மூடியில் கூர்மையாக, ஒழுங்கான தாளத்தில் கேட்கும். காம் சாப்ற் இரண்டு இஞ்சின் சுற்றுக்கு ஒரு தரம்தான் சுற்றும் என்பதால் அந்தத் தாளம் இஞ்சின் ஓட்டத்தின் பாதி வேகத்தில் இருக்கும். இலேசான ஒரு டிக் டிக் இந்த இஞ்சின்களுக்குக் குறையல்ல. உருக்கு உருக்கில் தட்டத்தான் செய்யும்.

இன்லெற் பக்கம் சத்தம் கூடக் கேட்டால் அதை அளந்து 0.05க்குக் கொண்டு வாருங்கள், முடிந்தது. ஆனால் 0.05இல் நிற்கும் ரப்பெற் இன்னும் அடித்தால் கேஜை நம்பி விட்டுவிடாதீர்கள். ஆணியைக் கழற்றி அதன் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெடுநாள் ஓடிய ஆணியின் நுனி நடுவில் குழிந்திருக்கும். கை நகத்தை மேலே ஓட்டினால் விளிம்பு தட்டுப்படும். பீலர் கேஜின் இலை தட்டையானது, குழிக்குள் இறங்காது, விளிம்பிலிருந்து விளிம்புக்குப் பாலம்போல் கிடக்கும். இலை 0.05 என்று காட்டும்போது குழிக்குள் உண்மையான இடைவெளி 0.10ஆக இருக்கலாம். குழிந்த ஆணியை வைத்துக்கொண்டு எத்தனை தரம் வைத்தாலும் சத்தம் போகாது. சத்தம் போகும்வரை இறுக்கினால் அது இறுகிய ரப்பெற் ஆகிவிடும். இரண்டு புது ஆணியும் நட்டும் வாங்குங்கள், பழையதைக் கடைக்குக் கொண்டு போய் இழையை ஒப்பிட்டு வாங்க வேண்டும். நுனியைக் கல்லில் உரைத்துச் சமன் செய்வது அவசரத்துக்கு ஓடும், ஆனால் மேலே இருக்கும் கடினமான தோல் மெல்லியது. அது போனால் திரும்பக் குழிவதற்குக் கனநாள் எடுக்காது.

றொக்கரின் மறுமுனை, காம் உரசும் இடம், உரிந்திருந்தாலும் இதே சத்தம். அது ஒயிலின் கதை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே வண்டிகள் சில துளி பெற்றோலில் ஸ்ராட் வந்து மண்ணெண்ணெய்யில் ஓடியவை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், காமும் றொக்கரும் அந்த ஒயிலில்தான் ஓட வேண்டும். அந்தக் காலத்து ஹெட் ஒன்று கைக்கு வந்தால் ரப்பெற் வைக்க முன் றொக்கரையும் காமையும் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். இன்றைக்கும் ஒயில் அளவுக் கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். எரிபொருள் மணம் அடித்தால் ஒயிலை மாற்றிவிட்டுத்தான் மிச்ச வேலை.

ரப்பெற் அல்லாத டிக் டிக்குகளும் உண்டு. சைலன்சர் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தில் பக்கிங் போயிருந்தால் அப்படியே ரப்பெற் மாதிரி அடிக்கும். மூட்டைச் சுற்றிக் கரிக் கோடு தெரிந்தால் அதுதான். தெரியாவிட்டால் குளிர்ந்த இஞ்சினை ஸ்ராட் பண்ணிய உடனே மூட்டில் சவர்க்காரத் தண்ணி விட்டுப் பாருங்கள், நுரை வெடிக்கும். காம் சாப்ற்றைச் சுற்றும் ரைமிங் செயினின் சத்தம் வேறு. அது இடப்பக்கம், சரசரவென்று, அக்சிலேற்றரை விடும் நேரத்தில் கூடும். இந்த இஞ்சின்களில் செயினை அமத்தும் உருளைகள் இறப்பர் போர்த்தவை. பழையதில் இறப்பர் கல்லாகியிருக்கும் அல்லது தேய்ந்து போயிருக்கும்.

"மூட்டை ஏத்தினால் குளக்கட்டிலை ஏறுதில்லை"

காலபோக அறுவடையில் பின்னுக்கு நெல் மூட்டை ஏற்றும்வரை இந்தப் பிழை ஒளிந்திருக்கும். தனி ஆளோடு தார் வீதியில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. பாரம் ஏறினால் இரண்டாம் கியரில் மூச்சு வாங்கும். பிளக் சரி, காபரேற்றர் கழுவியாயிற்று, கிளச் வழுக்கவில்லை என்றால் கொம்பிறசன் எங்கே போகிறது என்று தேட வேண்டும்.

வழமையான புத்தகச் சோதனை, பிளக் துளையால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு உதைத்துப் பார்ப்பது. எதிர்ப்புக் கூடினால் பிழை பிஸ்ரன் றிங்கில், கூடாவிட்டால் வால்வில் என்பார்கள். நிமிர்ந்த சிலிண்டருக்கு அது சரி. எம்.டி 90இல் சிலிண்டர் படுத்திருக்கிறது. ஒயில் பிஸ்ரனைச் சுற்றிப் பரவாமல் கீழ்ப்பக்கம் தேங்கும், முடிவு பொய் சொல்லும்.

காற்று விட்டுப் பார்ப்பதே நல்லது. பழைய பிளக் ஒன்றின் வெள்ளைப் பீங்கானை உடைத்து எடுத்து, வெறும் இரும்பு உடலில் ரியூப் வால்வு ஒன்றை ஒட்டிக்கொண்டால் கருவி தயார். உங்கள் வண்டியின் பிளக் இழை எந்த அளவோ அதே அளவுப் பிளக்காக எடுங்கள். பிஸ்ரனைச் சரியாகக் கொம்பிறசன் 'டி'யில் நிறுத்தி, பிளைவீலை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் விலகி நின்றால் காற்று பிஸ்ரனைத் தள்ளி இஞ்சினைச் சுற்றிவிடும், விரல் கவனம். கால் பம்பால் 20, 30 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். பிறகு காது கொடுங்கள். சைலன்சர் வாயில் உஸ் என்றால் எக்ஸோஸ்ற் வால்வு. அக்சிலேற்றரைத் திறந்து காபரேற்றர் வாயில் உஸ் என்றால் இன்லெற். ஒயில் விடும் துளையில் உஸ் என்றால் றிங்; அங்கே கொஞ்சம் எப்போதும் கேட்கும், பயப்பட வேண்டாம்.

சைலன்சரில் கேட்டால் உடனே எக்ஸோஸ்ற் ரப்பெற்றை நன்றாக இளக்கிவிட்டு, பிஸ்ரனை அசைக்காமல், திரும்பக் காற்று விடுங்கள். சத்தம் நின்றால் வால்வு இன்னும் உயிரோடு இருக்கிறது, இறுக்கம்தான் பிழை. நிற்காவிட்டால் வால்வு எரிந்துவிட்டது, அல்லது சீற்றில் கரி ஒட்டியிருக்கிறது. ஹெட்டைக் கழற்றலாமா வேண்டாமா என்பதை இந்த ஒரு சோதனை சொல்லிவிடும்.

"காபரேற்றராலை துப்புது"

இன்லெற் இறுகியிருந்தால் எரியும் வாயு காபரேற்றர் பக்கம் திரும்பி "பட்" என்று துப்பும். ஆனால் துப்பலுக்கு முதல் சந்தேகம் ரப்பெற் அல்ல. காபரேற்றருக்கும் ஹெட்டுக்கும் இடையில் உள்ள பக்கிங், ஓ றிங் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். பொயின்ற் (பொறி வரக் கரண்டை வெட்டும் தொடுமுனை) உள்ள பழைய சி 90 என்றால் அதன் இடைவெளியும் பற்றும் நேரமும். அதற்குப் பிறகுதான் இன்லெற்றை அளக்க வேண்டும். ரைமிங் செயின் மாற்றிய உடனே துப்பத் தொடங்கியது என்றால் செயின் ஒரு பல் தவறிப் போடப்பட்டிருக்கும். 'டி' குறியில் நிற்கும்போது காம் பற்சக்கரத்தில் உள்ள வட்டக் குறி ஹெட்டின் வெட்டுக்கு நேரே நிற்க வேண்டும்.

"வைச்சு ஒரு கிழமையிலை திரும்ப இறுகிப் போச்சு"

நன்றாக வைத்த ரப்பெற் தேய்வினால் மெல்ல மெல்ல இளகத்தான் வேண்டும். இறுகுகிறது என்றால் வால்வு சீற்றுக்குள் அமிழ்கிறது. வால்வு மேலே அமிழ, அதன் தண்டு றொக்கரைத் தேடிப் போகும், இடைவெளி சுருங்கும். சில இஞ்சின்களில் ஒரு பக்கம் ஆணி தேய்ந்து இடைவெளியைக் கூட்டும், மறுபக்கம் வால்வு அமிழ்ந்து குறைக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்ய, ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அளவு மாறாததுபோல் இருக்கும். பிறகு திடீரென்று எல்லாம் ஒன்றாகக் கைவிடும்.

ஒரு தரம் இறுகினால் வையுங்கள், 300 கிலோமீற்றரில் பாருங்கள். திரும்பவும் இறுகியிருந்தால் மூன்றாம் தரம் வைக்காமல் ஹெட்டைக் கழற்றுங்கள். கழற்றும்போது ஹெட் நட்டுகளின் கீழே எந்த ஆணியில் செப்பு வாசர், எந்த ஆணியில் இரும்பு வாசர் என்று குறித்து வையுங்கள். ஒன்றின் வழியாக ஒயில் மேலேறும். செப்பு மாறிப் போனால் ஒயில் கசியும்.

கழற்றிய ஹெட்டை வால்வுகள் மூடியபடி கவிழ்த்து, எக்ஸோஸ்ற் துளைக்குள் மண்ணெண்ணெய் நிறைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். வால்வின் விளிம்பில் ஈரம் கசிந்தால் சீற் பிடிக்கவில்லை. விளிம்பில் பள்ளமோ வெடிப்போ இருந்தால் வால்வு குப்பைக்கு. அதைத் தேய்த்துச் சரிக்கட்ட முடியாது, தேய்க்கத் தேய்க்கச் சீற்றும் கெடும். பள்ளம் இல்லையென்றால் கிறைண்டிங் பேஸ்ற் தடவி, இறப்பர் கிண்ணத் தடியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மோர் கடைகிற மத்துப்போல் முன்னும் பின்னும் உருட்டுங்கள். இடைக்கிடை வால்வைத் தூக்கி, கொஞ்சம் திருப்பி வைத்துத் தொடருங்கள். பளபளப்பில்லாத சாம்பல் நிற வளையம் அறாமல் சுற்றிவரத் தெரிய வேண்டும், அகலம் 1 மி.மீ. அளவு. ஒன்றரையைத் தாண்டி அகன்றால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு சீற் வெட்டும் லேத்துக்குக் கொடுங்கள். அகன்ற வளையத்தில் வால்வு பாரமாக உட்காராது, கரி அதில் குந்திக்கொள்ளும்.

பேஸ்ற் ஒரு துளிகூட மிஞ்சக்கூடாது. மண்ணெண்ணெய்யில் கழுவி, சவர்க்காரத் தண்ணியில் கழுவி, காயவிட்டு, வெள்ளைத் துணியால் வால்வுத் தண்டு ஓடும் குழாயான வால்வு கைட்டின் உள்ளே துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் திரும்பக் கழுவுங்கள். தேய்த்த வால்வு கொஞ்சம் உள்ளே இறங்கியிருக்கும் என்பதால் பழைய ஆணி நிலையில் பூட்டி ஸ்ராட் பண்ண வேண்டாம், இரண்டு ரப்பெற்றையும் புதிதாக அளந்து வையுங்கள்.

"மூடியாலை ஒயில் கசியுது"

மூடியை இன்னும் இறுக்குவது மருந்தல்ல. ஹெட் அலுமினியம், மூடியின் இழை கழன்று வந்தால் செலவு பெரிது. கசிவு ஓ றிங்கில். காய்ந்து தட்டையான ஓ றிங்கை மாற்றி, ஒரு சொட்டு ஒயில் பூசி, மூடியைக் கையால் முடிந்தவரை பூட்டி, சாவியால் ஒரு சின்னத் திருகல் மட்டும் கொடுங்கள். கசிவு நிற்காவிட்டால் மூடி உட்காரும் முகத்தில் பழைய பசையோ செம்மண்ணோ ஒட்டியிருக்கும், சுரண்டித் துடையுங்கள்.

தார் வீதியில் ஓடும் வண்டிக்கு 4,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் ரப்பெற் பார்த்தால் போதும். வாய்க்கால் கரையிலும் கிரவலிலும் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு 3,000. விடிய மீன் பெட்டியோடு கரையிலிருந்து உள்ளே ஓடும் வண்டிகளுக்கு 2,000க்கே பாருங்கள். மூடியின் அருகில் பெயின்ற்றால், ரப்பெற் பார்த்த நேரம் மீற்றர் காட்டிய கிலோமீற்றர் எண்ணை எழுதிவிடுங்கள், மீற்றர் வேலை செய்யாத வண்டியென்றால் திகதியை.